பாசிக்குடாவில் மூழ்கிய கப்பலைக் கரையிலிருந்து பார்க்கலாமா?

கேள்வி இதுதான். ஜூலையில் இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து ஒரு குடும்பம் இலங்கை வருகிறது, பாசிக்குடாவில் மூன்று நாள் தங்குகிறார்கள். அங்கே இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பெரிய கப்பல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதைக் கரையிலிருந்தோ கண்ணாடிப் படகிலிருந்தோ பார்க்கலாமா, நீச்சல் தெரியாதவர்கள் என்ன செய்வது, எந்தப் பருவம் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள்.

கரையிலிருந்து தெரியாது. கண்ணாடிப் படகிலும் தெரியாது. யாராவது படகுக்காரர் "அந்தா கறுப்பாத் தெரியுதே, அதுதான் கப்பல்" என்று கையை நீட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், அது முருகைக்கல், அதாவது பவளப்பாறை. எனக்கே நடந்திருக்கிறது. நான் மட்டக்களப்பு ஆள் என்று தெரியாமல், கொழும்பிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தோடு நானும் ஏறியிருந்த படகில் ஒருவர் அப்படித்தான் காட்டினார். அந்த இடத்தில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்கூட வராது. ஆனால் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "கப்பல், கப்பல்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், எனக்கும் மறுத்துப் பேச மனம் வரவில்லை. கரைக்கு வந்த பிறகுதான் நண்பரிடம் சொன்னேன்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், மூழ்கிய கப்பல் ஒன்றல்ல, பல என்பதுதான். எல்லாரும் பேர் சொல்லும் பெரிய கப்பல் ஹேர்மிஸ், பிரிட்டிஷ் கடற்படையின் விமானந்தாங்கி. அது பாசிக்குடாவில் இல்லை, அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தெற்கே இருக்கும் மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் வெளியே, 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பாசிக்குடா, கல்குடாப் பக்கத்துக் கடலில் கிடப்பது பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், அது ஏறத்தாழ 24 மீற்றர் ஆழத்தில். இரண்டும் ஒரே நாளில் போனவை, அதனால் கதை சொல்லும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பாசிக்குடாவில் வைத்து "விமானந்தாங்கிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்" என்று சொன்னால், எந்தக் கப்பலுக்கு, எத்தனை மீற்றருக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கரையிலிருந்து தெரியாது என்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மணலில் நிற்கும் ஒருவருடைய கண்ணுக்கு அடிவானம் ஐந்து கிலோமீற்றருக்கும் கொஞ்சம் உள்ளேயே முடிந்துவிடுகிறது. ஹேர்மிஸ் கிடக்கும் இடம் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். ஆகவே கடல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும், மட்டக்களப்புக் கரையில் நின்று நீங்கள் பார்க்கும் தண்ணீர் அந்தத் தண்ணீர் இல்லை, அது வளைவுக்கு அந்தப் பக்கம்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வந்தால் இந்தக் கடலைப் பார்க்கிற விதமே வேறாக இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் ஹாபரை அடித்த அதே அட்மிரல் நகுமோவின் படை, ஐந்து விமானந்தாங்கிகளோடு இந்து சமுத்திரத்துக்குள் வந்திருந்தது. அன்றே தீவுக்குத் தென்மேற்கே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் போயின. அடுத்த குறி திருகோணமலை என்பது எல்லாருக்கும் தெரியும், அப்படியொரு இயற்கைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கும் இடத்தை யார்தான் விடுவார்கள்? எட்டாம் தேதி எச்சரிக்கை வந்ததும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியேறச் சொன்னார்கள். ஹேர்மிஸும், கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றிரவு புறப்பட்டுக் கரையோரமாகவே தெற்கே போயின.

இங்கேதான் வயிற்றெரிச்சலான விஷயம். விமானந்தாங்கியில் விமானம் இல்லை. அதன் விமானங்களைக் கரையில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூடு மட்டும்தான் கடலில், குருவி எல்லாம் நிலத்தில்.

ஒன்பதாம் தேதி காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசி முடித்தாயிற்று, இனித் திரும்பலாம் என்று ஹேர்மிஸ் வடக்கே முகம் திருப்பியது. அந்த நேரத்தில் ஒரு ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பி வந்தன. காலை பத்தரை தாண்டித் தாக்குதல் தொடங்கியது, பதினொரு மணிக்குள் ஹேர்மிஸ் தண்ணீருக்கடியில். காப்பாற்ற வரவேண்டிய சண்டை விமானங்கள் எல்லாம் முடிந்த பிறகே வந்தன. கப்டன் ஒன்ஸ்லோவோடு சேர்த்து 307 பேர் ஹேர்மிஸில் இறந்தார்கள். வம்பயரும் அங்கேயே மூழ்கியது. தப்பியவர்களுக்கு அதிர்ஷ்டம், வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 600 பேரை அது தண்ணீரிலிருந்து தூக்கியது, ஜப்பான் விமானங்களும் அதைத் தொடவில்லை.

ஹேர்மிஸ் முடிந்துவிட்டதைக் கண்ட மற்ற விமானங்கள், கையில் மிச்சமிருந்த குண்டுகளோடு சுற்றுவட்டாரத்தில் அகப்பட்ட கப்பல்களைத் தேடிப் போயின. அப்படி மாட்டியதுதான் நம் பிரிட்டிஷ் சார்ஜன்ட். தெற்கே அதெல்ஸ்ரேன் என்ற எண்ணெய்க் கப்பலும், அதற்குத் துணையாகப் போன ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலும் அதே நாளில் மூழ்கின. ஒரு காலைப்பொழுதுக்குள் இத்தனை.

ஹேர்மிஸைப் பற்றி ஒரு தகவல் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அதுதான், 1918இல் வேலை தொடங்கியது. ஆனால் கட்டி முடிக்க இழுத்தடித்ததில், பிறகு தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு 1922இல் சேவைக்கு வந்துவிட்டது. கடைசியில் விமானந்தாங்கியிலிருந்து வந்த விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கியும் ஹேர்மிஸ்தான்.

இனி, இறங்கிப் பார்க்கலாமா என்ற கேள்வி. ஹேர்மிஸை மறந்துவிடுங்கள். 53 மீற்றர் என்பது பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லையான 40 மீற்றரைத் தாண்டியது. அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்குக்கும் மேல், சிலிண்டரில் இருக்கும் காற்று அதே வேகத்தில் கரையும், நைதரசன் மூளைக்கு ஏறிக் கள் குடித்தவன் மாதிரி நிதானம் தப்பும். கீழே இருபது நிமிடம் நின்றால் மேலே வரும் வழியில் அங்கங்கே நின்று நின்று, போன நேரத்தைவிட அதிக நேரம் செலவழித்துத்தான் வரவேண்டும். அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து அதற்காகவே வருகிறார்கள், அவர்கள் வேறு சாதி. பயிற்சிச் சான்று கேட்காமலே ஒருவர் கூட்டிப்போகிறேன் என்றால் அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

பிரிட்டிஷ் சார்ஜன்ட் அப்படியில்லை. 24 மீற்றர் என்பதால், அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவருக்கு (அது 18 மீற்றர் வரைதான்) போதாது, 30 மீற்றர் வரை அனுமதிக்கும் அடுத்த நிலைச் சான்று இருந்தால் போகலாம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் ஒரு காலையை இதற்கு ஒதுக்குங்கள். நான் ஒரு முறை போயிருக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் நீலம். பிறகு அந்த நீலத்துக்குள் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக, அப்புறம் அந்தக் கறுப்புக்கு ஓரம் வரும், ஓரம் நேர்கோடாக இருக்கும். கடலுக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது பாருங்கள், அதைக் கண்டதும்தான் இது மனிதர் செய்த சாமான் என்று நெஞ்சு சொல்லும். கப்பல் இரண்டாக உடைந்து கிடக்கிறது. தகட்டு இடுக்குகளில் களவா மீன்கள் வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று பார்க்கின்றன. இரும்பு என்று தெரிகிற இடமே குறைவு, எல்லாவற்றையும் முருகைக்கல்லும் பாசியும் மூடிவிட்டன. உடைந்த ஒரு குழாயின் வாயில் என் கையை வைத்து அளந்து பார்க்கலாம் என்று போனேன், உள்ளே இருந்து விலாங்கு ஒன்று தலையை நீட்டியது, அளவெடுக்கும் ஆசை அத்தோடு போயிற்று.

தொடாதீர்கள், எடுக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன், "ஒரு ஆணிதானே" என்று பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹேர்மிஸ் என்பது 307 பேரில் பலருக்கு இன்னமும் கல்லறை.

சுழியோடப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, இதை இங்கே வரும் பலர் யோசிப்பதேயில்லை. ஆழத்துக்குப் போய்வந்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் பொறுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மலையும் அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பாசிக்குடாவை முடித்துக்கொண்டு நேரே வாகனத்தில் நுவரெலியா போகத் திட்டம் போடுகிறார்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். காலையில் 24 மீற்றர் கீழே, பின்னேரம் 1,800 மீற்றர் மேலே என்றால் உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகி மூட்டுகளில் உட்காரும், அது விளையாட்டில்லை. ஆகவே சுழியோடுவது முதல் நாளில் இருக்கட்டும். அழுத்த அறை (இந்தக் குமிழிக்கு வைத்தியம் செய்யும் அறை) பக்கத்தில் எங்கே இருக்கிறது, அவசரத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கூட்டிப்போகிறவரிடம் கேட்டுவையுங்கள். பதில் தடுமாறினால் ஆளை மாற்றுங்கள்.

பருவத்துக்கு வருவோம். ஜூலை நல்ல மாதம். தீவின் மேற்கும் தெற்கும் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் அந்த நேரத்தில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை இங்கே கடல் தெளிவு. நவம்பர் தொடங்கினால் வாடை, மழை, கலங்கல், சில வருடம் புயலும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலத்தான் பேசுவார்கள். ஜூலையில் உங்களுக்கு இருக்கும் ஒரே தொல்லை கச்சான் காற்று. (சாப்பிடும் நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பேர், கடையில் "கச்சான் எவ்வளவு?" என்பதும் வாசலில் "கச்சான் அடிக்குது" என்பதும் வேறு வேறு.) மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வருவதால் அடுப்பு வாயிலில் நிற்பதுபோல வெக்கையாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு வேகம் பிடிக்கும். அதனால் கடலில் செய்யவேண்டியது எதுவாக இருந்தாலும் காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுங்கள். இன்னொன்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று இது. ரப்பர் மிதவை, காற்றடைத்த படுக்கை எல்லாவற்றையும் பிள்ளைகளோடு சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அலை இல்லை, பயமில்லை என்று நினைக்க வைக்கிற கடல் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பாசிக்குடா என்ன மாதிரி இடம் என்றால், பிறைவடிவக் குடா. வெளியே முருகைக்கல் பார் (கடலுக்குள் நீளும் பாறைத் திட்டு) அலையை உடைத்துவிடுவதால் உள்ளே குளம் மாதிரி இருக்கும். நடந்து போய்க்கொண்டே இருக்கலாம், தண்ணீர் முழங்காலைத் தாண்டவே நெடுநேரம் எடுக்கும். நீச்சல் தெரியாதவர்களுக்கு இலங்கையில் இதைவிட வசதியான கடல் எனக்குத் தெரிந்து இல்லை. காலில் எதையாவது போட்டுக்கொண்டு இறங்குங்கள், உடைந்த முருகைக்கல் மணலுக்குள் இருக்கும், கூராக இருக்கும். கண்ணாடிப் படகில் உயிர்ப்பான பவளத்தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், 1998இல் கடல் சூடேறியதில் வெளுத்துச் செத்தது நிறைய, அதற்குப் பிறகும் அடி விழுந்திருக்கிறது. மீன் பார்க்கலாம், அது நிச்சயம்.

பக்கத்துக் கல்குடா வேறு குணம். நீளமான, ஆளரவம் குறைந்த கரை, என் கண்ணுக்குப் பாசிக்குடாவைவிட வடிவு. ஆனால் பார் அப்படி மறைப்பதில்லை, இழுவை உண்டு, ஆழம் சட்டென்று வரும். விடியலில் நடக்கக் கல்குடா, குளிக்கப் பாசிக்குடா, இதை மாற்றிச் செய்ய வேண்டாம். இரண்டுமே சூரியன் உதிக்கும் பக்கம், ஐந்தே முக்காலுக்கு எழும்பினால் பலன் உண்டு. மாலை அஸ்தமனப் படம் கிடைக்காது, பலர் அதற்கும் கோபித்துக்கொள்கிறார்கள்.

நீச்சல் தெரியாமல் கப்பல் கதைக்குக் கிட்டப் போக ஆசை என்றால் ஒரு நாள் மட்டக்களப்புக்கு வாருங்கள். நகரத்திலிருந்து சில கிலோமீற்றரில் பாலமீன்மட்டில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வெளிச்ச வீடு இருக்கிறது. 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். அதாவது ஹேர்மிஸ் மூழ்கிய காலையில் இது இங்கே நின்றுகொண்டிருந்தது, அப்போதே வயது இருபத்தொன்பது. மேலே ஏற விட்டால் ஏறுங்கள். மணலில் ஐந்து கிலோமீற்றரில் முடிந்த அடிவானம் அந்த உயரத்தில் பத்தொன்பது கிலோமீற்றர் வரை தள்ளிப் போய்விடும். கீழே நின்றாலும் மோசமில்லை, வாவியின் மறுகரை மணல்திட்டுதான் நாவலடி, 2004 சுனாமி கிட்டத்தட்டத் துடைத்துவிட்டுப் போன ஊர். இங்குள்ள கடலுக்குக் கதை ஒன்றோடு நிற்காது.

அங்கே போனால் கரைவலை இழுக்கிறவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "அண்ணன்" என்று கூப்பிட்டால் போதும், பேசுவார்கள். அவர்களுக்கு ஹேர்மிஸ் சரித்திரம் இல்லை, தொழில். மூழ்கிய கப்பல் இருக்கும் இடத்தில் மீன் கூடும், வலையும் கிழியும். வெளிக்கடலுக்குப் போகிறவர்கள் அந்த இடத்தைக் கரையில் இருக்கும் அடையாளங்களை வைத்துக் குறி பிடித்துப் பழகியவர்கள், இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது. பிறகு இருட்டும் வரை நின்று கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். பௌர்ணமி அண்டிய இரவென்றால், வள்ளம் பிடித்துத் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். எனக்கு ஒரு தடவை கேட்டது, தவளை கத்துவதுபோல இருந்தது, கூட வந்தவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நேரம் இருந்தால் திருகோணமலையையும் சேர்த்துக்கொள்ளலாம், பாசிக்குடாவிலிருந்து வாகனத்தில் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஏப்ரல் 9 தாக்குதலில் துறைமுகத்துக்குள் எரிந்த சகாயிங் என்ற பயணிகள் கப்பலை 1943இல் இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று அங்கேயே அமிழ்த்தினார்கள், 2018இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் வேலைசெய்து அதை மறுபடி மிதக்க வைத்தார்கள். நகரத்திலிருந்து நிலாவெளி போகும் வீதியில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். கடலோடு போய் உடல் கிடைக்காத பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்களை இங்கே தேடாதீர்கள், அவை இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளைமவுத், சதாம் என்ற ஊர்களின் நினைவுத்தூண்களில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன.

வந்துசேர்வதற்கு, கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரயிலைப் பிடித்து வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கினால் அங்கிருந்து ஓட்டோ. எல்லா ரயிலும் கல்குடாவில் நிற்காது, வாழைச்சேனைக்கே சீட்டு எடுப்பது பத்திரம். வழித்தடமும் நேரமும் மாறுவதுண்டு, புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பிள்ளைகளோடு என்றால் இடம் முன்பதிவு செய்யாமல் ஏறாதீர்கள். உங்கள் மூன்று நாளை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: சான்று உள்ளவர் முதல் நாள் காலையிலேயே சார்ஜன்டுக்குப் போய்வரட்டும், மற்றவர்கள் குடாவில். இரண்டாம் நாள் வெயில் ஏறுமுன் மட்டக்களப்பு, வெளிச்ச வீடு, இரவு கல்லடிப் பாலம். மூன்றாம் நாள் ஒன்றும் வைக்காதீர்கள், விடியலில் கல்குடா மணலில் நடந்துவிட்டு வந்து எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கூந்தற்பனைப் பாகு) சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். கண்ணாடிப் படகுக்காரர் மறுபடி வந்து கப்பல் காட்டவா என்று கேட்டால், "பிரிட்டிஷ் சார்ஜன்டா, ஹேர்மிஸா?" என்று உங்கள் மூத்த பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.